ஸ்பீக்கர் பிராசசர்: மிக்சருக்கும் ஆம்புக்கும் நடுவே என்ன நடக்கிறது?

மேடை நிகழ்ச்சிக்குப் போனவர்கள் யாரும் மிக்சரைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். ஸ்பீக்கர் அடுக்கும் கண்ணில் படாமல் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில், சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் (ஆம்ப்) அடுக்கிய ராக்கின் மேல்தட்டில், ஒன்றே முக்கால் அங்குல உயரத்துக்கு ஒரு கருவி இருக்கும். சின்னத் திரை, நாலைந்து பட்டன், வரிசையாகச் சில எல்இடி விளக்குகள். நிகழ்ச்சி தொடங்கியபின் அதன் பக்கம் யாரும் போவதில்லை, போகவும் கூடாது. சிலர் அதை டிஎஸ்பி என்பார்கள், பழைய ஆட்கள் இன்னும் கிராஸோவர் என்றே சொல்வார்கள். இங்கே பிராசசர் என்றே வைத்துக்கொள்வோம்.

மிக்சரின் வேலை இசை சம்பந்தப்பட்டது. பாடகர் குரல் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் அங்கே முடிவாகும். பிராசசருக்கு என்ன பாட்டு ஓடுகிறது என்பதே தேவையில்லை. தனக்குப் பின்னால் என்ன ஆம்ப், எந்தப் பெட்டி, அதற்குள் ஒலியை எழுப்பும் டிரைவர் எத்தனை என்பதுதான் அதன் கவலை. பல டிரைவர்களிலிருந்து வரும் ஒலி கேட்பவர் காதில் ஒன்றாகச் சேர வேண்டும். நிகழ்ச்சி முடியும்போது அந்த டிரைவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குள் இருக்கும் அத்தனை மெனுவும் இந்த இரண்டுக்காகத்தான். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அதை "சவுண்டை அழகாக்கும் பெட்டி" என்று நினைத்து நேராக ஈக்யூ (அதிர்வெண்வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர்) பக்கத்தைத் திறக்கிறார்கள். என்னைக் கேட்டால் கடைசியாகத் திறக்க வேண்டிய பக்கம் அது.

ஏன் பிரிக்க வேண்டும்?

மனிதக் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை காற்றில் 17 மீட்டர் நீளம். 20,000 ஹெர்ட்ஸ் என்றால் 1.7 சென்டிமீட்டர். இவ்வளவு வித்தியாசமான இரண்டு வேலைகளையும் ஒரே கோன் செய்ய முடியாது. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரே அளவு சத்தத்துக்கு, அதிர்வெண் பாதியானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். அதனால்தான் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் பெட்டியில், அதாவது சப்பில், 18 அங்குல கோன். உச்ச ஒலிக்கான ஹார்னுக்கு (குழல் வாய்) பின்னால் இருக்கும் கம்ப்ரஷன் டிரைவரின் டயஃப்ரமோ மெல்லிய தகடு, பெரும்பாலும் டைட்டானியம். மிகக் கொஞ்ச தூரம், ஆனால் மிக வேகமாக அசைவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குள் ஒரு பேஸ் டிரம் சத்தத்தை முழு பவரில் அனுப்பினால் ஓரிரு அடியிலேயே கிழிந்துவிடும்.

ஆக, சிக்னலைப் பங்கு பிரித்து அவரவருக்கு உரியதை மட்டும் அனுப்ப வேண்டும். இதுதான் கிராஸோவர். சின்னப் பெட்டிகளில் இது ஆம்புக்குப் பின்னால், பெட்டிக்குள்ளேயே காயிலும் கப்பாசிட்டருமாக இருக்கும். பெரிய சிஸ்டத்தில் அப்படிச் செய்தால் ஆம்ப் கொடுக்கும் முழுக் கரண்டும் அந்தக் காயில் வழியாக ஓட வேண்டும். கொஞ்சம் பவர் அங்கேயே வெப்பமாகப் போகும். பிராசசர் இதே வேலையை ஆம்புக்கு முன்னால், சிக்னல் இன்னும் சின்னதாக இருக்கும் லைன் லெவலில் செய்கிறது. சப்புக்கு ஓர் ஆம்ப் சேனல், நடு ஒலிக்கு (மிட்) ஒன்று, உச்ச ஒலிக்கு (ஹை) ஒன்று என்று தனித்தனியாகப் போகும். இரண்டு உள்ளீடு, ஆறு வெளியீடு கொண்ட பிராசசர் இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்: இடது, வலது இரண்டு பக்கத்துக்கும் மும்மூன்று பாதை.

கிராஸோவரில் மூன்று விஷயம் கேட்கும். எந்த அதிர்வெண்ணில் பிரிப்பது, எவ்வளவு சரிவாக வெட்டுவது, எந்த வகை ஃபில்டர். சப்புக்கும், அதற்கு மேலுள்ள ஒலிகளைத் தரும் டாப் பெட்டிக்கும் நடுவே 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரிப்பது வழக்கம். சரிவு என்பது ஓர் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரு மடங்காகும் இடைவெளி) எத்தனை டெசிபல் குறைகிறது என்பது. 24 டெசிபல் மிகப் பரவலாகப் பயன்படும் அளவு. வகைகளில் பட்டர்வொர்த், பெசல், லிங்க்விட்ஸ்-ரைலி என்று பெயர்கள் வரும். கடைசியாகச் சொன்னது ஹியூலெட்-பேக்கார்டில் பொறியாளர்களாக இருந்த சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி இருவரின் பெயரால் அமைந்தது; லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை அதற்கு அடிப்படை. இதில் பிரியும் இடத்தில் இரு பக்கமும் 6 டெசிபல் குறைந்திருக்கும். ஒரே கணத்தில் வந்து சேரும் இரண்டு சமமான ஒலிகள் கூடினால் 6 டெசிபல் உயரும். ஆக, கூட்டினால் சமதளம். எதை எடுப்பது என்று தெரியாதவர் 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலியில் தொடங்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் கோடு மின்சாரத்தின் கோடு. காற்றில் வருவது அதுவல்ல. டிரைவருக்கும் பெட்டிக்கும் சொந்தமாக ஒரு சரிவு உண்டு, அது ஃபில்டரின் சரிவோடு சேர்ந்துகொள்ளும். அதனால் தயாரிப்பாளர் முன்பே அமைத்துத் தரும் பிரீசெட்டில் ஒரு பக்கம் 24 டெசிபல், மறு பக்கம் 12 டெசிபல், அதிர்வெண்ணும் இரண்டு பக்கமும் வேறு வேறு என்று கோணலாக இருக்கலாம். "யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்" என்று சமன் செய்யப் போகக் கூடாது. காற்றில் அளந்து பார்த்து அமைத்த கோணல் அது.

நேரமும் போலாரிட்டியும்

எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த பகுதி இதுதான். கேட்பவர்கள் "பேஸ் இல்லையே" என்று சொல்லும் சிஸ்டங்கள் பலவற்றில் பேஸ் (தாழ்ந்த ஒலி) இருக்கவே இருக்கிறது. சப்பும் டாப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன.

சப்பின் கோன் வெளியே தள்ளும் அதே நொடியில் டாப்பின் கோன் உள்ளே இழுத்தால் காற்றுக்கு ஒன்றும் நேராது. ஒரே கதவை ஒருவர் உள்ளிருந்தும் ஒருவர் வெளியிலிருந்தும் தள்ளுவது போலத்தான். ஒரு கேபிளில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தாலே இது நடந்துவிடும். பிராசசரில் ஒரு பட்டன் அழுத்தினால் போலாரிட்டி திரும்பும்.

ஆனால் கேபிள் எல்லாம் சரியாக இருந்தாலும் தூரம் இதே காரியத்தைச் செய்துவிடும். ஒலி 20 டிகிரி வெப்பநிலையில் நொடிக்கு 343 மீட்டர் போகிறது. ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு சுற்று முடிக்க 10 மில்லிசெகண்ட் ஆகும். சப் தரையில், மேடைக்கு முன்னால் இருக்கிறது; டாப் கம்பியில் பின்னால் தொங்குகிறது. கேட்பவரிடமிருந்து இரண்டின் தூரத்துக்கும் 1.7 மீட்டர் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லிசெகண்ட் தாமதம். சரியாக அரைச் சுற்று. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். 100 ஹெர்ட்ஸில் பிரித்திருந்தால், எங்கே இரண்டும் தோள்கொடுக்க வேண்டுமோ அங்கேயே பள்ளம் விழும்.

இதற்குத்தான் டிலே. முதலில் வந்து சேருவதைக் காக்கவைக்க வேண்டும். பிந்தி வருவதை முந்த வைக்க எந்தக் கருவியாலும் முடியாது. மேலே சொன்ன உதாரணத்தில் சப் முந்துகிறது, எனவே சப்புக்கு 5 மில்லிசெகண்ட் டிலே.

அளவுக் கருவி இல்லாமல் இதைச் செய்ய ஒரு பழைய வழி உண்டு. சப்பையும் டாப்பையும் ஒரே அளவு சத்தத்தில் வைத்து, பிரியும் அதிர்வெண்ணில் ஒரு சைன் டோன் (அந்த ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள ஒலி) ஓடவிடுங்கள். சப்பின் போலாரிட்டியை வேண்டுமென்றே திருப்புங்கள். இப்போது டிலேயை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று அமுங்கும், ஏறக்குறைய காணாமலே போகும். அங்கே நிறுத்தி, போலாரிட்டியைப் பழையபடி மாற்றினால் அதுதான் அதிகபட்சமாகக் கூடும் இடம். ஏன் நேரடியாகச் சத்தம் அதிகமாகும் இடத்தைத் தேடவில்லை என்றால், உச்சி அகலமாக இருக்கும், காதுக்குப் பிடிபடாது. பள்ளம் ஊசி முனை மாதிரி கூர்மையானது. திறந்த வெளியில் இது நன்றாக வேலை செய்யும். சுவர்கள் சூழ்ந்த அரங்கில் எதிரொலி குழப்பும்.

இந்த முறைக்கு ஒரு பொறியும் உண்டு. ஒரு பெட்டியில் ஹார்ன் டிரைவர் மிட் கோனுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது, 1,200 ஹெர்ட்ஸில் பிரிக்கிறோம் என்றால், தூரத்தால் வரும் தாமதம் சுமார் 0.87 மில்லிசெகண்ட். 1,200 ஹெர்ட்ஸின் ஒரு முழுச் சுற்று 0.83 மில்லிசெகண்ட். அதாவது ஹை கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று பிந்தி வருகிறது, ஆனாலும் அந்த ஒரு டோனில் எல்லாம் சேர்ந்தது போலவே காட்டும். சற்று மேலே, சற்று கீழே போனால் தடுமாறும். ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் இரண்டு சேனல் எஃப்எஃப்டி அளவீட்டு மென்பொருள்கள், உதாரணமாக ஸ்மார்ட் (Smaart), ஃபேஸ் (அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது) கோட்டையும் சேர்த்துக் காட்டுவது இதற்காகத்தான். பிரியும் இடத்தில் இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்டால் போதாது. அந்தப் பகுதி முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து போக வேண்டும்.

பெரிய மைதானங்களில் பின்னால் உள்ளவர்களுக்கென்று நடுவில் டிலே டவர் நிறுத்துவார்கள். மேடையிலிருந்து 50 மீட்டரில் டவர் என்றால் ஒலி அங்கே வந்து சேர 146 மில்லிசெகண்ட் ஆகும். டவருக்கு அந்த டிலேயைக் கொடுத்து, மேலும் 10 மில்லிசெகண்ட் வாக்கில் கூட்டி வைப்பது பலரின் வழக்கம். முதலில் எந்தப் பக்கத்திலிருந்து ஒலி வருகிறதோ அங்கிருந்தே எல்லாம் வருவதாகக் காது முடிவு செய்துகொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் ஆய்வேட்டில் விரிவாக ஆராய்ந்தது இது, இன்று ஹாஸ் எஃபெக்ட் என்கிறோம். டவருக்குப் பக்கத்தில் நிற்பவரும் மேடையிலிருந்தே பாட்டு வருவதாக உணர்வார். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஒலி நொடிக்கு 6 மீட்டர் வேகம் கூடும், 50 மீட்டருக்கு இரண்டரை மில்லிசெகண்ட் மாறும். மதியம் அமைத்ததை இரவில் ஒருமுறை சரிபார்ப்பவர்கள் வீண் வேலை செய்யவில்லை.

லிமிட்டர்: கணக்குப் போடாமல் வைக்கக் கூடாத ஒன்று

ஒரு டிரைவர் இரண்டு விதமாகச் சாகும். டிரைவருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் சூடேறிக் கருகுவது ஒன்று; இது மெதுவாக, நீண்ட நேர சராசரி பவரால் நடப்பது. கோன் அளவுக்கு மீறி வெளியே போய் அடிபடுவது இன்னொன்று. இதற்கு ஒரு கணம் போதும். சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடித்து வைப்பதுதான் லிமிட்டர். முதலாவதுக்கு சராசரியைப் பார்க்கும் ஆர்எம்எஸ் லிமிட்டர், இரண்டாவதுக்கு கண நேர உச்சியைப் பார்க்கும் பீக் லிமிட்டர். இரண்டாவதில் சப்புக்கு இன்னொரு காவலும் வேண்டும்: ஹை பாஸ் ஃபில்டர். துளையுள்ள பெட்டிகளில் பெட்டி ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்துக்கொள்ள உள்ளே காற்றழுத்தம் இருக்காது. சத்தமும் வராது, கோன் மட்டும் பேயாட்டம் ஆடும். மைக் கீழே விழும் ஓசை போதும். 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதால் கேட்பவர் இழப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இப்போது ஒரு கணக்கு. 8 ஓம், தொடர்ச்சியாக 500 வாட் தாங்கும் ஓர் உஃபர் (தாழ்ந்த ஒலிக்கான டிரைவர்). வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்டேஜ் வரும். 500 பெருக்கல் 8, 4,000. வர்க்கமூலம் சுமார் 63 வோல்ட். இதற்கு மேல் நீண்ட நேரம் போகக் கூடாது. ஆம்பின் கெயின் 32 டெசிபல் என்றால் உள்ளே வருவதை 40 மடங்காக்கும். 63ஐ 40ஆல் வகுத்தால் 1.58 வோல்ட். பிராசசரின் திரை வோல்ட்டில் பேசாது, டிபியூவில் பேசும். அதில் சுழியம் என்பது 0.775 வோல்ட். நம்முடைய 1.58 வோல்ட் ஏறக்குறைய 6.2 டிபியூ. ஆர்எம்எஸ் லிமிட்டர் அங்கே நிற்கும். இரண்டு பெட்டிகளை ஒரே சேனலில் இணையாகப் போட்டாலும் இந்த எண் மாறாது, ஏனென்றால் இரண்டுக்கும் போவது அதே வோல்டேஜ்தான். புதியவர்கள் பலர் இங்கே 4 ஓம் என்று கணக்கைத் திருத்தப் போய்த் தடுமாறுவார்கள்.

கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கில் ஆம்பின் வாட் எங்கேயும் வரவில்லை. கெயின் மட்டுமே வந்தது. பழுதான ஆம்பை எடுத்துவிட்டு, அதே வாட் உள்ள வேறு ஆம்பைப் பொருத்துகிறீர்கள். பழையதின் கெயின் 26 டெசிபல், புதியதின் கெயின் 32 என்றால் வோல்டேஜ் இரு மடங்கு. பவர் நான்கு மடங்கு. பிராசசரின் சிவப்பு விளக்கு முன்பு போலவே சாதுவாக மினுங்கும். 500 வாட் உஃபருக்கு, ஆம்பிடம் இருந்தால், 2,000 வாட் வரை போகும். ஆம்ப் முகப்பில் உள்ள திருகுகளும் இதே கதைதான். திருகைப் பாதியில் வைத்து லிமிட்டர் அமைத்த பிறகு, யாராவது "சத்தம் பத்தலை" என்று முழுக்கத் திறந்தால் அந்தக் காவல் போய்விட்டது. திருகை முழுதும் திறந்துவைத்து லிமிட்டரை அமையுங்கள்.

லிமிட்டர் எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்பது அட்டாக் நேரம். ஹைக்கு ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு, சப்புக்குப் பல பத்து மில்லிசெகண்ட். சப்பில் அவசரப்பட்டு மிகக் குறைத்து வைத்தால், லிமிட்டர் ஒட்டுமொத்த சத்தத்தைப் பின்தொடராமல் ஒவ்வோர் அலையின் வளைவையும் பிடித்து நசுக்கத் தொடங்கும். பேஸ் கரகரக்கும்.

"சின்ன ஆம்ப் போட்டால்தான் ஸ்பீக்கர் எரியும்" என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. சின்ன ஆம்பில் மந்திரம் எதுவும் இல்லை. கிளிப் ஆகும்வரை அதைத் தள்ளும்போது இசையின் உச்சிகள் வெட்டுப்பட்டு, சராசரி பவர் ஏறுகிறது. முழுக்கச் சதுர அலையாகிவிட்டால் ஆம்ப் தன் சைன் அலை அளவைப் போல இரு மடங்கு வரை தர முடியும். எரிப்பது அந்தச் சராசரிதான். பெரிய ஆம்பும் சரியான லிமிட்டரும் இருந்தால் உச்சிகள் சுத்தமாகப் போகும், காயிலும் தப்பும்.

ஈக்யூ

பிராசசரில் ஈக்யூ இரண்டு இடத்தில் இருக்கும். வெளியீட்டில் இருப்பது டிரைவருக்கும் பெட்டிக்கும் உரியது. ஒருமுறை அமைத்தால் எந்த ஊர் போனாலும் மாறாது. உள்ளீட்டில் இருப்பது இடத்துக்கு உரியது. இரண்டையும் கலந்துவிட்டால் அடுத்த அரங்கில் எதைக் கழற்றுவது என்று தெரியாது.

பள்ளம் தெரிகிறதே என்று ஈக்யூவில் ஏற்றுவதற்கு முன் அது ஏன் பள்ளம் என்று கேட்க வேண்டும். இரண்டு ஒலிகள் அழித்துக்கொள்வதால் வந்த பள்ளம் என்றால், ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும். பள்ளம் அப்படியே இருக்கும். நீங்கள் செலவழித்த 6 டெசிபலுக்கு ஆம்ப் நான்கு மடங்கு பவர் கொடுத்துக்கொண்டிருக்கும். டிலே, போலாரிட்டி, லெவல் எல்லாம் முடிந்தபிறகு ஈக்யூவுக்கு வந்தால் செய்வதற்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். பெரும்பாலும் குறைப்பதாகவே இருக்கும்.

இப்போது அது எங்கே இருக்கிறது?

1980களில் சில ஸ்பீக்கர்கள் தங்களுக்கென்றே ஓர் அனலாக் பிராசசரோடு வந்தன. மேயர் சவுண்டின் யுபிஏ-1 ஸ்பீக்கருக்கு எம்-1 என்ற பெட்டி அப்படி ஒன்று. பிறகு எந்த ஸ்பீக்கருக்கும் பொருந்தும் டிஜிட்டல் கருவிகள் வந்தன. பிஎஸ்எஸ் ஆம்னிடிரைவ், எக்ஸ்டிஏ, டிபிஎக்ஸ் டிரைவ்ராக் போன்ற பெயர்களை ராக்குகளில் இன்றும் பார்க்கலாம். இன்றைய பெரிய சிஸ்டங்களில் பிராசசர் ஆம்புக்குள்ளேயே போய்விட்டது. பவர்டு ஸ்பீக்கர்களில் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியின் மாடலைத் தேர்ந்தெடுத்தால் கிராஸோவரும் லிமிட்டரும் பூட்டிய பிரீசெட்டாக வந்து உட்காரும். டிலே, லெவல், இடத்துக்கான ஈக்யூ மட்டும் உங்கள் கைக்கு.

எஃப்ஐஆர் என்ற சொல்லும் இப்போது அடிக்கடி காதில் விழும். இது ஒரு வகை டிஜிட்டல் ஃபில்டர். சாதாரண ஃபில்டர்கள் அளவை மாற்றும்போது ஃபேஸையும் திருப்பும். எஃப்ஐஆரில் இரண்டையும் தனித்தனியே கையாளலாம். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் 1,024 டேப் (கணக்கீட்டுப் படி) உள்ள லீனியர் ஃபேஸ் ஃபில்டர் ஏறக்குறைய 10.7 மில்லிசெகண்ட் தாமதிக்கும். அதனால் மிட், ஹையில் அதிகமாகவும் சப்பில் அரிதாகவும் வரும். மேடையில் பாடுபவருக்கான மானிட்டர் ஸ்பீக்கரில் இந்தத் தாமதம் உறுத்தும். ஒவ்வொரு பிராசசருக்கும் சொந்தத் தாமதம் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: வெளி பிராசசர் வழியாக ஓடும் சப்போடு, தன்னுள்ளேயே பிராசசர் கொண்ட டாப்பைச் சேர்த்தால், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் நேரம் ஒத்துப்போகாது. அளந்தே ஆக வேண்டும்.

அறிமுகமில்லாத ஒரு சிஸ்டத்தை முதல்முறை உயிரூட்டும்போது நான் முதலில் பார்ப்பது இவை எதையும் அல்ல, எது எங்கே போகிறது என்பதைத்தான். ஆம்ப் எல்லாம் அணைந்திருக்கும். பிராசசரில் எல்லா வெளியீட்டையும் மியூட் செய்து, மிக மெல்லிய பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சல்) அனுப்பி, மீட்டரில் உள்ளீடு வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஆம்பைப் போட்டு, ஒவ்வொரு வெளியீடாக மியூட்டை எடுத்து, அந்தந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் காது கொடுப்பேன். "உஸ்" என்பது ஹார்னிலிருந்து, "ஹ்ம்ம்" என்பது சப்பிலிருந்து. ஹை என்று எழுதிய வெளியீட்டைத் திறந்தபோது ஹார்னிலிருந்து மந்தமான உறுமல் கேட்டால், யாரோ கேபிளை மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். அந்த மெல்லிய சத்தத்தில் டயஃப்ரம் தாங்கும். மியூட்டைப் போட்டுவிட்டு ராக்கின் பின்பக்கம் போனால் போதும்.